லீவ்

ஹாலிஃபாக்ஸில் எல்லாத் தெருவும் மேட்டில்தான் ஏறுகிறது.
வேனில் நூற்றுப் பதினெட்டுப் பெட்டிகள்.
ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு குறிப்பு:
குப்பைத்தொட்டிக்குப் பின்னால் லீவ் செய்யவும்.
பக்கத்து வீட்டில் லீவ் செய்யவும்.
கதவைத் திறந்தபடி லீவ் செய்யாதீர்கள், பூனை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் லீவு என்றால் ஊரடங்கு.
எங்கோ யாரோ செத்திருப்பார்கள்.
நாங்கள் கைதட்டினோம்.

பதினாறாம் நம்பர் நாய்
என் கைப்பெட்டியைக் கவ்வுகிறது.
'லீவ் இட்' என்றாள் சிறுமி.
விட்டுவிட்டது.
நாய்களுக்கு இலக்கணம் எளிது.

முப்பத்தொன்றில் மிஸ்டர் க்ரீன்வுட்
வெறுங்காலோடு வந்து கையெழுத்திட்டார்.
பெட்டியின் மேல் ஒரு பெண்ணின் பெயர்.
'ஷி லெஃப்ட் மீ' என்றார்.
நான் தலை குனிந்து நின்றேன்.
பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு
'த ஹவுஸ்' என்று சேர்த்தார்.
விட்டுப் போனாளா, எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாளா?
கேட்க நேரமில்லை.
இன்னும் அறுபத்திரண்டு.

அரசாங்கம் எனக்குத் தந்திருப்பதும் லீவ்தான்.
லீவ் டு ரிமெயின்.
போ என்கிற சொல்லால்
இரு என்கிறார்கள்.
முப்பது மாதம் இரு,
பிறகு காசு கட்டிக் கேள்.
அது வேறு லீவ் என்றார் வக்கீல்,
பழைய சொல், அனுமதி என்று பொருள்.
இருக்கலாம்.
கனவில் எழுத்து மட்டும்தான் வருகிறது,
வக்கீல் வருவதில்லை.

சிரிக்க எனக்கும் உரிமையில்லை.
நான் மட்டும் எப்படிப் பேசுகிறேன்?
வந்துவிட்டேன் என்கிறேன்.
வந்ததன் வாலைப் பிடித்துக்கொண்டு
ஒரு விட்டது வருகிறது.
பதினோரு வருஷமாய்
மழை விடவில்லை என்கிறேன்,
அதைப் போகச் சொல்கிறேனா
பெய்யத்தான் சொல்கிறேனா?
விடு என்று எழுதி
கொம்பில் ஒரு சுழி போட்டால் வீடு.
தலையில் போட்டவன்
அந்த ஒரு சுழியை மறந்திருப்பான்.

ஏழரைக்குத் திரும்பினால்
என் கதவிடுக்கிலும் ஒரு அட்டை.
நாள் முழுக்க நான் செருகும் அதே மாதிரி அட்டை:
நீங்கள் வீட்டில் இல்லை.
நாற்பத்தி நாலில் விட்டிருக்கிறோம்.

நாற்பத்தி நாலில் மொரீன் ஆக்ராய்ட்,
கையில் மாவு.
இரண்டு விரலால் பிடித்து நீட்டினாள்,
பழுப்பு உறை, என் பெயரில் ஒரு எழுத்து குறைவு.
மிதியடியில் போட்டுவிட்டுப் போகப் பார்த்தான்,
நான் விடவில்லை என்றாள்.

மறுப்பென்றால் தடிமனாக இருக்கும் என்பார்கள்,
காரணங்கள் நிறைய.
பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன்.
மூன்று தாள். நாலாகவும் இருக்கலாம்.
உறையின் ஓரத்தில் அவள் மாவு.

மூச்சு விட மறந்து நின்றிருக்கிறேன் போல.
உள்ளே அடுப்பில் எதுவோ தீய்கிற வாசம்,
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
'மழையில் நிற்காதே, லவ்' என்றாள்,
கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து.