டக்

காட்பாடியில் ஏற்றும்போது ஜில்லென்றுதான் இருந்தது.
கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டில் கண்ணாடியை இறக்கி
"கேக்கு சார், கல்யாணக் கேக்கு" என்று
போலீஸ்காரருக்குக் காட்டிவிட்டு ஏற்றிய பிறகு
ஊதியதெல்லாம் அடுப்படிக் காற்று.

பின்சீட்டில் ஜெபசீலி.
மடியில் பாதி, சீட்டில் பாதியாக மூன்றடுக்கு.
வெண்ணெய் ரோஜா நாற்பத்தொன்று.
வெயிலும் அன்றைக்கு நாற்பத்தொன்று.
அவள் ரோஜாக்களை எண்ணிக்கொண்டு வந்தாள்,
நான் கட்டாத டியூக்களை.

ஆந்திரா தொடங்கி அரைக் கிலோமீட்டரில்
முனிரத்தினம் ஆட்டோ எலெக்ட்ரிக்கல்ஸ்.
பலகை இரண்டு எழுத்திலும் உண்டு,
தமிழில் மட்டும் ஒரு ல் கூடுதல்.

பானட்டைத் தூக்கியவன் "ஏசி போடு" என்றான்.
போட்டேன்.
"போடுப்பா."
"போட்டுத்தான் இருக்குது."
பெல்ட் ஓடுகிறது, புல்லி சுற்றுகிறது,
புல்லியின் முகத்தில் போய் ஒட்டவேண்டிய தட்டு மட்டும்
பந்தியில் கூப்பிடாத பங்காளி மாதிரி
அசையாமல் நிற்கிறது.

ஃபியூஸைப் பிடுங்கி வெயிலுக்குக் காட்டினான். நல்லது.
கேஸ் வால்வை அழுத்தினான். சீறியது. நல்லது.
ஹாரன் ரிலேயைக் கழற்றி ஏசி ரிலே இடத்தில் செருகினான்.
ஒன்றும் இல்லை.
கம்ப்ரஸருக்குப் போகும் ஒற்றை ஒயரில்
டெஸ்ட் லாம்பை வைத்தான்,
பகலிலும் பளிச்சென்று எரிந்தது.
"கரண்ட் வஸ்தா உந்தி. ப்ளேட்டு ராலேது."
கேஸ் இருந்து கரண்டும் வந்தபின்
எதற்காக வரமாட்டேன் என்கிறது என்று
யாரைக் கேட்பது?

"அண்ணா, மேல்தட்டு நகருதுண்ணா."

சுத்தியலைத் திருப்பி மரப்பிடியால்
தட்டின் நடுவில் ஒரு குத்து.
டக்.
இன்ஜின் ஒரு மூச்சு அமுங்கி எழுந்தது.
முகத்தில் குளிர் வந்தது.
அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால்
பழையபடி வேடிக்கை பார்த்தது.

தேய்ந்துபோச்சாம். இடைவெளி கூடிப்போச்சாம்.
சூடேறினால் காந்தத்துக்கு எட்டவில்லையாம்.
நடு நட்டைக் கழற்றித் தட்டை உருவி
உள்ளிருந்து ஒரு வாஷர் எடுத்தான்,
சப்பிப் போட்ட மாத்திரை அட்டை அளவு கனம்.
அதை என் உள்ளங்கையில் வைத்து "இதுதான்" என்றான்.
இதற்காகவா
ஆராவமுதன் கடையில் கம்ப்ரஸரையே மாற்றச் சொல்லி
பதினெட்டாயிரம் கேட்டார்கள்?

மாட்டினான். போட்டேன். டக்.
அணைத்தேன். போட்டேன். டக்.
ஆறு தரம் போட்டுப் பார்த்தேன்,
ஏழாவதில் ஜெபசீலி "போதும்" என்றாள்.

துணியில் கை துடைத்தபடி உள்ளே எட்டிப் பார்த்தவன்
"இந்தப் பேரு தப்பும்மா" என்றான்.
அவளுக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியாது.
பெண்வீட்டார் அனுப்பியதைப் போனில் பெரிதாக்கி
கோலம் மாதிரி பார்த்துப் பார்த்து இழைத்திருந்தாள்.
சம்பூர்ணாவில் ஸ பக்கத்தில் இருக்கவேண்டிய சுன்னா
வெயிலில் வழுக்கி
கீழடுக்கு ரோஜாவின் மேல் உட்கார்ந்திருந்தது.
கிரீஸ் விரலைத் தொடாமல் காற்றில் வட்டம் போட்டு
"இக்கட" என்றான்.
வண்டி குளிரும்வரை காத்திருந்து
கோன் முனையால் அவள் அந்த வட்டத்தை வைத்தாள்.
மூன்று பேரும் மூச்சை விடவில்லை.

முந்நூறு கேட்டான். நானூறு கொடுத்தேன்.
நூறைத் திருப்பிக் கொடுத்து, ஒரு ரோஜா கேட்டான்.
இப்போது நாற்பது.

சித்தூருக்கு எட்டுக் கிலோமீட்டர் முன்னால்
நடுரோட்டில் ஓர் எருமை.
ஹாரனை அழுத்தினேன். சத்தமில்லை.
இன்னொரு தரம். சத்தமே இல்லை.
கழற்றிய பழைய ரிலே
முனிரத்தினத்தின் சட்டைப்பையில் இருக்கிறது,
ஹாரனுடையது ஏசிக்கு வேலை செய்கிறது.
கண்ணாடியை இறக்கிக் கத்தவேண்டும்.
பின்னால் இருந்து ஜெபசீலி,
"இறக்காதீங்கண்ணா."

எருமை எங்களைப் பார்த்தது.
நாங்கள் எருமையைப் பார்த்தோம்.
டக், என்றது கம்ப்ரஸர்.