நாகலூர், இரவு இரண்டு மணி

பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவில்
பிங் பதில் தந்தது.
அப்படியானால் கேபிள் நலம், கரண்ட்டும் நலம்.
ஆனால் எவர் பாஸ்வேர்டையும் ஏற்காமல்
கதவடைத்துக் கிடக்கிறது காப்பித் தோட்டத்து சர்வர்.

மூன்று தரம் அணைத்துப் போட்டேன் என்கிறார் சவரிமுத்து,
மழைக்கோட்டைக் கழற்றாமலே.
லாக் ஃபைலை அழிக்காமல் விட்டிருந்தார், புண்ணியவான்.
கடைசி வரியில் தேதி:
இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்று.

பொத்தான் பேட்டரி செத்திருக்கிறது.
சாயங்கால இடியில் கரண்ட் போனதும்
பெட்டி தான் பிறந்த வருஷத்துக்கே போய்விட்டது.
மிளகு நிறுக்கும் சின்னத் தராசிலிருந்து
ஒன்றை உருவிப் போட்டோம்.

நேரத்தைத் திருத்துமுன்
கர்சர் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருந்தது.
அந்த ஜனவரியில் ஜெசிந்தா
முதல் மணியிலேயே போனை எடுப்பாள்.

என்டர்.

மூடியின் உட்புறம் மார்க்கரால் எழுதினேன்:
அடுத்து வருகிறவரே,
முதலில் மணியைப் பாரும்.