சின்ன முகம்

இந்தத் தெருவில் எங்களுக்கு மரம் என்று பெயர்.
சின்ன மரம். அர்போலீத்தோ.
பச்சை நோட்டு கையில் இருப்பதாலா,
நட்ட இடத்திலேயே நிற்பதாலா, யாருக்கும் தெரியாது.
புவனோஸ் ஐரெஸ், ஃப்ளோரிதா தெரு.
லவாஷே முனைக்குப் பத்தடி இப்பால்,
தோல்பைக் கடைக்கும் மூடிக்கிடக்கும் வங்கிக்கும் நடுவில்
ஒன்பது குளிர்காலமாக நிற்கிறேன்.

"காம்பியோ, காம்பியோ."
என் சலசலப்பு அவ்வளவுதான்.
முகம் பார்த்துக் கூவுவதில்லை, கால் பார்த்துத்தான்.
சுற்றுலாக்காரர் கால் நடுத்தெருவில் தயங்கும்.
அலுவலகக் கால் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடும்,
ஆறு பாறையைச் சுற்றுகிற மாதிரி.
இல்லை, அது ரொம்ப அழகாக இருக்கிறது.
குப்பைத்தொட்டியைச் சுற்றுகிற மாதிரி.

ஜூலை, வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று.
வலப்பக்கம் தேய்ந்த பழுப்பு ஷூ ஒன்று
என் எதிரே வந்து நின்றது. நிமிர்ந்தேன்.
அறுபது தாண்டியிருக்கும்.
கையுறைக்குள் விரல் விட்டு
நாலாய் மடித்த ஒற்றை நூறு டாலரை எடுத்தாள்.
மடிப்பிலேயே பல வருஷம் தூங்கிய நோட்டு.

"சின்ன முகம்" என்றேன்.
பழைய நோட்டில் அந்த மனிதரின் தலை சின்னது,
புதியதில் பெரிசு.
சின்னத் தலைக்கு இந்தத் தெருவில் விலை குறைவு.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.
அவர் ஊரில் இரண்டும் நூறுதானாம்.

"முகமதிப்பு என்று ஒன்று உண்டே?"
"உண்டு. அதில் ஆறு சதவீதம் கழியும்."
"ஆறா!"
"அவசரமா?"
"செருப்பு வாங்கணும். நாளைக்குக் கல்யாணம்."
"மகளுக்கா?"
"எனக்கு."

நான் வாழ்த்தியிருக்க வேண்டும்.
ஆனால் பதினொரு மணியிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தேன்.
மாற்றிவிட வருகிற நவேல் பயல் வரவில்லை.
இடத்தை விட்டால் எதிர்வரிசை எவரிஸ்தோ
வேரோடு பெயர்ந்து இங்கே வந்துவிடுவான்.
கால் மாற்றிக் கால் நின்றேன்.
மரம் ஆடுவதைப் பார்த்துவிட்டாள்.
"போய்விட்டு வா. நான் நிற்கிறேன்."

காலரியின் கீழ்த்தளத்தில் நின்றபடியே கேட்டேன்,
தெரு இரைச்சலுக்கு மேலே அவள் குரல்.
பள்ளியில் வருகைப்பதிவு எடுப்பதுபோல்
ஒவ்வொரு எழுத்தாக: காம். பி. யோ.

திரும்பி வந்தால் ஒரு பிரேசில் தம்பதி.
அவன் கையில் கத்தை, அவள் கையில் ஐஸ்கிரீம்,
இந்தக் குளிரில்.
"எண்ணூறு மாற்றணுமாம்.
எல்லாம் பெரிய முகம், பார்த்துவிட்டேன்" என்றாள்.
மூன்றாம் மாடிக் குகைக்குக் கூட்டிப்போனேன்.
குகை என்றால் ஒரு மேசை, ஒரு எண்ணும் இயந்திரம்,
வாடின செடி ஒன்று. அதுதான் எங்கள் காடு.

இறங்கி வந்ததும் கை நீட்டினாள்.
"என் பங்கு, ஆறு சதவீதம்."
"எதில் ஆறு?"
"நீ கழிக்கப்போனதில்."
சின்ன முகத்துக்கு முழு விலை கொடுத்தேன்.
கொடுக்கும்போதுதான் பெயர் கேட்டேன். சுலேமா.

ஆறு மணிக்கு அலுவலகங்கள் கவிழ்ந்து கொட்டின.
பூட்ஸ், கான்வாஸ், பூட்ஸ், நாய், பூட்ஸ்.
எல்லாம் சுரங்க ரயில் வாசலுக்கு.
நடுவில் ஒரு ஜோடி மட்டும்
என்னைச் சுற்றிப் போகாமல் நேரே வந்தது.
"இடது கடிக்கிறது. மாற்றித் தருவானா?"
"ரசீது?"
"போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.
ரசீது பழைய ஷூ பெட்டியோடு குப்பைக்குப் போச்சு."
கொஞ்சம் யோசித்தாள்.
"கடிக்கட்டும். ஆடுகிறபோது பழகிவிடும்."

கூட்டம் மூடிக்கொண்டது.

நாற்பது மரங்கள் இந்தத் தெருவில்,
அவற்றில் ஒன்றுக்காவது அவள் கல்யாணம் தெரியும்.
அடையாளம் சொல் என்றால் முகம் வராது எனக்கு.
நீலம். முன்பக்கம் திறந்தது.
குளிரில் சிவந்த இரண்டு விரல்,
பக்கிளில் இன்னும் கிழிக்காத விலைச்சீட்டு.