ஏழாவது கட்டம்

இன்சூரன்ஸ் படிவத்தில் ஏழாவது கட்டம்
தீப்பெட்டி அகலம்தான்.
மோதல் எவ்வாறு நிகழ்ந்தது?
ஆங்கிலத்தில் விவரிக்கவும்.

மண்டபம் ரயிலடி, ஜெராக்ஸ் கடை.
கரண்ட் வந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.
ஸ்டூலைக் காட்டியும் நம்புச்செல்வம் உட்காரவில்லை.
சட்டைப்பையிலிருந்து ஒரு மரச் சிம்பை எடுத்து
கீபோர்டின் மேல் வைத்தார்.
வல்லத்தின் அணியத்தில் பெயர்ந்தது.
அவர் ஒருநாளும் அடிக்காத பச்சைப் பெயின்ட்
அதில் அப்பியிருந்தது.

'ஹிட்' என்று அடித்தேன்.
அது பந்துக்கும் ஆகும், கொசுவுக்கும் ஆகும்,
நூறு நாள் ஓடிய படத்துக்கும் ஆகும்.
அழித்தேன்.
'ஸ்க்ரேப்' தேங்காய் துருவுகிற சொல்,
களஞ்சியத்தின் காறை எலும்பு அதற்குள் அடங்காது.
'ஸ்மாஷ்' வெறும் சத்தம்.
'ப்ரோக்' என்று போட்டால்
உடைந்ததா, உடைத்ததா என்று அதற்கே தெரியாது.
நமக்கு அந்த இடத்தில் ஒரு மெய்யெழுத்து இருக்கிறது.
'ந்' எழுந்து 'த்' உட்கார்ந்தால்
கேஸே வேறு.

எப்படித்தான் வந்துச்சு அண்ணே, என்றேன்.

வடகடல். நிலா இல்லை. வலை பாதி ஏறியிருக்கு.
மொதத் தடவை விசைப்படகு உரசிட்டுப் போச்சு.
சரி, பாக்கலைன்னு விட்டோம்.
பொறவு பின்னால போச்சு. நின்னுச்சு.
லைட்டை அணைச்சுச்சு.
அப்பறம் வந்து

முட்டுச்சு.

எம்.ஏ. படித்த இரண்டு வருஷமும்
அந்த ஒரு சொல்லுக்குத்தான் என்பதுபோல
விரல் தானாகப் போனது.
'ராம்' என்றேன்.

சாமி பேரா?

இல்லை அண்ணே, கிடாய்.
ஆங்கிலத்தில் ஆட்டுக்கிடாய்க்கு அதுதான் பெயர்,
அது செய்கிற காரியத்துக்கும் அதே பெயர்.

ராமேஸ்வரத்துக்காரன் ராம்னு எழுதினா
கோயில் நன்கொடைன்னு ரசீது அனுப்புவான், என்று சிரித்தார்.
பிறகு சிரிப்பை நிறுத்தினார்.
கிடாதான்.
பின்னுக்குப் போய், தலையைத் தாழ்த்தி, வரும்.
தெரியாம முட்டின கிடா எங்க இருக்கு?

நான் நாலாம் பக்கத்தைப் புரட்டியிருக்கக் கூடாது.
எறும்பெழுத்தில் இருந்தது:
வேண்டுமென்றே விளைவிக்கப்பட்ட சேதத்துக்கு
இழப்பீடு கிடையாது.

'கொலைடட்' என்று இன்னொரு சொல் இருக்கிறது, என்றேன்.
சந்தைக் கூட்டத்தில் இரண்டு பேர்
தோளோடு தோள் இடித்துக்கொள்கிற மாதிரி.
தப்பு ஆளுக்குப் பாதி.
அதைப் போட்டால் ஒன்றே முக்கால் லட்சம்.
கிடாயைப் போட்டால்
மெரைன் ஸ்டேஷன், கோர்ட்டு,
எப்போது என்று சொல்ல முடியாது.

அவர் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை.
பாசஞ்சர் பாலத்துப் பக்கம் போனது,
கடைத் தகரம் கொஞ்ச நேரம் அதிர்ந்து அடங்கியது.

களஞ்சியத்துக்கு பிளேட் வைக்கணும், மதுரைல.
வங்கு நாலு மாத்தணும்.
தோள் இடிச்சதாவே போடு.

போட்டேன்.
கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாக
நிறுத்தி நிறுத்திப் போட்டார்.
சிம்பை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.
வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

அந்த இன்னொன்னைத் தமிழ்ல
தனித்தாள்ல அடிச்சுக் கொடு. பெரிய எழுத்தா.
வெள்ளிக்கிழமை சங்கத்துல காட்டணும்.

'முட்டியது.'
பக்கம் முழுக்க ஒரே சொல்.
பிரின்டரிலிருந்து சூடாக வந்த தாளை
கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தார்.

'து' வேண்டாம்மா.
படகு என்னத்தைக் கண்டுச்சு.
'ஆன்' போடு.