பூஜை விடுமுறைக்குப் பின்

செவ்வாய்க்கிழமை காலை
சென்ட்ரிஃபியூஜின் நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது.
மூடிமேல் ஓர் எலுமிச்சை.
பி.சி.ஆர் எந்திரத்துக்கு ஒற்றைச் செவ்வந்தி.
மைனஸ் எண்பது ஃப்ரீசருக்கு மட்டும்
ருத்ரேஷ் முழு மாலையே சாத்தியிருந்தார்,
அடிக்கடி காய்ச்சலில் விழும் பிள்ளைக்கு
கூடுதலாய் ஒரு தாயத்து கட்டுவதுபோல.

திரையில் சிவப்பாய்: பத்தொன்பது.
முன்னால் மைனஸ் இல்லை.

வெள்ளி இரவு எலஹங்காவில் மழை, மின்தடை.
ஜெனரேட்டர் எழுந்தது, கம்ப்ரஸர் எழவில்லை.
ஆளில்லாத வராந்தாவில் அலாரம்
கத்திக் கத்தி பேட்டரி தீர்ந்து
தானே அடங்கியிருக்கிறது.

கதவைத் திறந்தால் ஈரக் கோணி வாடை.
இபான்ரி கையுறை போட மறந்து
தன் பெட்டிகளை ஒவ்வொன்றாய் எடுத்தாள்.
மூன்று வருடம்.
ஷில்லாங்குக்குப் போகாத இரண்டு கிறிஸ்துமஸ்.
குழாய்களின் அடியில் எல்லாம்
திரிந்த பாலாய்க் கிடந்தது.

அவள் பெட்டிக்குக் கீழே என் பெட்டி.
அதிலிருப்பது
இன்று எந்த உயிரிலும் இல்லாத ஒரு நொதி.
நெல், ஈஸ்ட், மாட்டு ஈரல், வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியா
என்று இருநூற்றுப் பன்னிரண்டு வம்சங்களின்
எழுத்துகளை வரிசையாய் அடுக்கி,
கிளையிலிருந்து கவட்டைக்கு, கவட்டையிலிருந்து அடிமரத்துக்கு
இறங்கி இறங்கிப் போய்
‘இவர்களுக்கு முந்தையவர் இப்படி இருந்திருக்கலாம்’ எனக்
கணினி சொன்ன ஊகம்.
நூற்றுப் பதினான்காம் இடத்தில்
செரீனா த்ரியோனினா, அதற்கே சந்தேகம்.
ஐம்பத்திரண்டு, நாற்பத்தேழு.
வென்றதைத்தான் முதலில் செய்தேன்.
கரையவில்லை. எட்டு மாதம்.
தோற்றதைச் செய்தேன். கரைந்தது.

படிக்கிறீர்களா, வேலை பார்க்கிறீர்களா
என்றார் வீட்டுக்காரர், குடிவந்த அன்று.
போஸ்ட்டாக் என்றேன்.
தபால் ஆபீஸா என்றார்.
வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம்,
பணி ஒப்பந்தமும் பதினொரு மாதம்.
ஃபெல்லோஷிப் ஜூலையிலிருந்து வரவில்லை.
மாடிப்படியில் எதிர்ப்பட்டால்
‘பாடிகெ யாவாக, மேடம்?’
இருநூறு கோடி வருடத்துக்குக் கணக்குச் சொல்லத் தெரியும்,
ஐந்தாம் தேதிக்குத் தெரியாது.

கொட்டிவிடத்தான் எடுத்தேன்.
கொட்டும்முன் ஒரு துளி வைத்துப் பார்ப்பது
நம்பிக்கை அல்ல, கைப்பழக்கம்.
நிறமற்றுக் கிடந்த கரைசலில்
இருபது விநாடிக்குள்
கமுக்கமாய் மஞ்சள் ஏறியது.

கடலே கொதித்திருக்கும் என்று சொல்கிறார்களே,
அந்தக் காலத்துப் பிள்ளை.
பெங்களூரின் பத்தொன்பது டிகிரி
அதற்கு ஸ்வெட்டர் போடும் குளிர்.

குவெட்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.
திருடியவள் மாதிரி.
பக்கத்து மேசையில் ஒருத்தி
குழாய்களை வெளிச்சத்தில் உயர்த்தி
உயர்த்தி வைத்துக்கொண்டிருக்கும்போது
எந்த முகத்தோடு மகிழ்வது?

இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்,
இப்படியொரு மூதாதை
நிஜமாகவே இருந்ததற்கு ஆதாரம் என்ன?
மூன்று பக்கம் பதில் எழுதியிருக்கிறேன்.
மூன்று பக்கமும் ‘இல்லை’ என்பதைத்தான்
மரியாதையாய்ச் சொல்கின்றன.

‘வேலை செய்யுதா?’
திரும்பாமலே கேட்டாள்.
‘ம்.’
வந்தாள். என் விரல்களைப் பிரித்து
மஞ்சளை ஜன்னலுக்குக் காட்டினாள்.
கண் சிவந்திருந்தது, குரல் சிவக்கவில்லை.
‘எழுதிக்கோ. மூணு ராத்திரி, பத்தொன்பது டிகிரி.
காசு கொடுத்தாலும் யாரும் செய்யாத கண்ட்ரோல்.
என்னுதையும் சேர்த்து எழுது,
எல்லாம் செத்துதுன்னு.’

நோட்டில் தேதி போட்டேன்.
நிபந்தனை என்ற கட்டத்தில்
மின்தடை என்று எழுதி
கொஞ்சம் யோசித்து
பூஜை என்றும் எழுதினேன்.

மெக்கானிக் வியாழன்தான் வருவானாம்.
வாசலில் நின்ற ருத்ரேஷ்
ஃப்ரீசரையும் எங்களையும் பார்த்து
மாலையை எடுத்துவிடவா, இருக்கட்டுமா என்றார்.
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் செவ்வந்தியை மட்டும்
பி.சி.ஆர் எந்திரத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.