ஏழாம் கட்டம்

கெலோவாரா தேவாலயத்துக் கடிதத்தோடு
ஒரு சின்ன உறையும் வந்தது.
உள்ளே சாம்பல் நிறத்தில் அரைக் கரண்டிப் பொடி.
படிவத்தின் ஏழாம் கட்டம், சேதத்தின் காரணம்:
தீ, வெள்ளம், திருட்டு, துரு, பூச்சி
ஐந்தையும் அடித்துவிட்டு
கோயிற்பிள்ளை தூரே எழுதியிருந்தார்:
குளிர்.

குளிருக்கு எங்கள் நிறுவனம் பணம் தருவதில்லை.
பின்லாந்தில் அதற்கும் கொடுக்க ஆரம்பித்தால்
எங்கே போய் முடியும்?
என்னை அனுப்பினார்கள்,
பள்ளியில் வேதியியலில் இரண்டு முறை தோற்றவனை.

ஓவுலுவிலிருந்து ஆறு மணி நேரப் பனிச்சாலை.
மூன்று குளிர்காலமாகக் கொதிகலன் மூட்டவில்லை.
பிரசங்கம் கேட்க ஒன்பது பேர்,
எண்ணெய்க்கு யார் கொடுப்பது?
ஜனவரியில் பலிபீடத்தருகே
பூச்சியத்துக்குக் கீழே முப்பத்து நான்கு பாகை.
ஆர்கனின் முன்வரிசைக் குழல்களுக்கு
அம்மை போட்டிருந்தது.
விரல் வைத்தேன்.
விரல் உள்ளே போனது.
கொடையாளர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு மட்டும்
ஈயத்தைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

சுருதி சேர்க்க வருகிற ஹில்க்கா வுவொந்தேலா
கையுறையைக் கழற்றாமலே சொன்னாள்:
எரியவில்லை. துருவேறவில்லை.
வெளியிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை.
முன்பும் வெள்ளீயம், இதுவும் வெள்ளீயம்.
பதின்மூன்று பாகைக்குக் கீழே போனால்
அணுக்கள் வேறு விதமாக நிற்க ஆசைப்படும்.
கொஞ்சம் தள்ளித் தள்ளி.

குளிரில் நெருங்கித்தானே நிற்போம் என்றேன்.

நீங்கள் வெள்ளீயம் இல்லையே.

ஆர்கன் கட்டியவரின் கணக்கேட்டில் இருந்தது
உதிர்ந்துபோன அந்தக் குழலின் எடை:
நான்கு கிலோ இருநூறு கிராம்.
காப்பிக்கு ரொட்டி சுடும் அறையின் தராசில்
கூட்டி அள்ளியதை வைத்தோம்.
பத்து கிராம் குறைந்தது.
தூரே தன் துடைப்பத்தைச் சந்தேகித்தார்,
பிறகு தரைவிரிப்பை.
நான் என் சட்டைப்பையிலிருந்த உறையை எடுத்துக்
கவிழ்த்தேன்.

முள் சரியாக வந்து நின்றது.
மூவரும் சற்று நேரம் பேசவில்லை.

கொட்டகையில் இரும்புச் சட்டி.
இருநூற்று முப்பத்திரண்டு பாகையில்
பொடி தன்னை மறந்து
கண்ணாடியாகக் கலங்கியது.
அதில் ஹில்க்காவின் மூக்கு தெரிந்தது.
மேலே, பாலில் படிவதுபோல் ஓர் ஆடை.
கரண்டியால் ஒதுக்கினாள். மங்கிய கசடு.

இதுதான் உண்மையிலேயே வேறாகிவிட்டது என்றாள்.
காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டது.
குளிர் கலைத்துத்தான் போட்டது.
நெருப்பு, கட்டிக்கொடுத்துவிட்டது.

வார்த்த கம்பியை ஆறவிட்டு
என் கையில் தந்து வளைக்கச் சொன்னாள்.
வளைத்தேன்.
கம்பி கீச்சிட்டது,
வாலை மிதித்துவிட்டதுபோல.
உள்ளே படிகங்கள் புரளும் சத்தமாம்.
நூறு வருஷம் பாடிய உலோகத்தின் குரலில்
நான் கேட்டது அது ஒன்றுதான்.

எட்டாம் கட்டம்: இழந்த பொருள்.
இல்லை என்று எழுதினேன். பொய் இல்லை.
தராசு சாட்சி.
பொருள் போகாத இடத்துக்கு
எங்கள் ஆட்கள் பொருள் கொடுக்க மாட்டார்கள்
என்பதும் தெரியும்.
ஏழாம் கட்டத்தில் தூரே எழுதியதை
அடிக்காமல் விட்டேன்.
என்னால் ஆனது அவ்வளவு.

உறை இன்னும் என் மேசையில் கிடக்கிறது.
மடிப்பில் ஒட்டிக்கொண்ட துளி, ஒரு சிட்டிகைகூட இராது.
அலுவலகத்தில் எப்போதும் இருபத்தொரு பாகை.
நிறம் மெல்லத் திரும்பிவிடும் என்று சொல்லியிருந்தாள்,
திரும்பியும் விட்டது.
ஆனாலும் பொடி பொடியாகத்தான் இருக்கிறது.
இந்த வெதுவெதுப்பு
அதற்குக் காணாது.