ஐந்தாவது கறுப்பு

ஹாஞ்சாவில் சனிக்கிழமை. பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது.
விடியலில் வண்டியோட்டி இந்தத் தடத்தைச் சமன்படுத்தியவள் நான்.
இப்போது அதிலேயே
இரவல் சறுக்குக்கட்டைகளில் தள்ளாடி வருகிறேன்,
மார்பில் முப்பத்தேழு, ஒரு ஊக்கு குறைவாக.

புதியவர்கள் துப்பாக்கியைச் சுமக்கக் கூடாது.
அது சாய்ந்து நின்று காத்திருக்கும்,
மொத்தக் கிளப்புக்கும் நாலே நாலு.

படுத்தேன்.
பாயில் முன்னவரின் ஈரம்.
ஐம்பது மீட்டர் தள்ளி ஐந்து கறுப்புப் பொட்டு.
மூச்சை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன்.
நெஞ்சை என்ன செய்ய?
அது அடிக்க அடிக்கக் குழல்நுனி
தலையாட்டுகிறது, சரி சரி என்று.

ஒன்று வெளுத்தது.
மற்ற நாலு குண்டும் காட்டுக்கு.

எழுந்து பனியைத் தட்டும்போது
டிங்.
என் ஐந்தாவது கறுப்பு விழுகிறது.
பக்கத்துப் பாயில் பல் மருத்துவர் ஹெல்துர்,
கண்ணாடி முழுக்க ஆவி:
“மன்னிக்கணும், அது உங்களுடையதா?”

நடுவர் மைமு காப்பிக் குவளையை வைத்தாள்,
விதிப்புத்தகம் புரட்டினாள்,
குவளையை மறுபடி எடுத்தாள்.
“ரெண்டு பேரும் ஓடுங்க.”

தண்டனை வளையம் நூற்றைம்பது மீட்டர்.
மிதிபட்டு மிதிபட்டு
நான் சீராக்கிய தடத்தைவிட வழவழப்பு.
குறி தப்பாதவர்கள் இதைப் பார்த்ததேயில்லை.
கூட்டமெல்லாம் இங்கேதான்:
பள்ளிச் சமையல்காரர், வரி அலுவலக லெம்பித்,
வேலித் தகராறில்
மூன்று வருடமாய் முகம் பார்க்காத
என் பக்கத்து வீட்டு உர்வே.

“இடப்பக்கம்!” என்று கத்தி என்னை முந்தினாள்.
மூன்று வருடத்தில் முதல் வார்த்தை.

அடுத்த சுற்றில்
நானும் கத்தினேன்.